பச்சை அகழி

புதைந்துபோன கோட்டை அகழிகளை வான்படத்தில் கண்டுபிடிப்பதில் செண்பகவடிவை மிஞ்ச ஆளில்லை. மண் மூடிய அகழியின்மேல் பயிர் கூடுதலாகக் கறுத்து வளரும். அந்தக் கரும்பச்சை வரியை அவள் தொட்டால் போதும், அந்த நொடியே அது தொல்லியல் காப்பு நிலமாகி அந்த இடத்துக்கு மின்சாரம் நின்றுவிடும். பாரபட்சம் வரக்கூடாதென்று படங்களில் ஊர்ப்பெயர் இருக்காது.

நாற்பத்திரண்டாவது அகழியை அவள் தொட்ட மறுநாள், உரத்துக்காக வயல்களில் இரவில் ஆடுகளை வலைக்குள் அடைத்துக் கிடை போடும் சுடலைக்கோனார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"அது கோட்டையில்ல தாயி. போன வருசம் என் ஆடுக அடைஞ்ச இடம். வலைய ஒட்டித்தான் படுக்கும், புழுக்கையும் அங்கனதான் விழும், அந்த உரத்துலதான் பயிர் கறுத்திருக்கு. கரண்டு போயிரும்னு இப்ப எந்தச் சம்சாரியும் தன் வயல்ல என்னைக் கிடை போட விடமாட்டேங்கான்."

"ஆடு இவ்வளவு நேரா சதுரம் போடுமா, அண்ணாச்சி? எனக்குத் தப்பாது."

கோனார் வாதாடவில்லை. "அப்ப உங்க ஆபீசுக்குப் பின்னால இருக்க புல்தரையில நாலு நாள் கிடை போட்டுக்கிடுதேன்."

"தாராளமா."

ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த படங்களில் ஒன்று அவளை நிமிர வைத்தது. அத்தனை துல்லியமான சதுரத்தை அவள் பார்த்ததே இல்லை. தயங்காமல் தொட்டாள்.

தலைக்கு மேலே மின்விசிறி நின்றது.