சித்தப்பாவை மட்டும் வெட்டிடு

"சித்தப்பாவை மட்டும் வெட்டிடு" என்று மாமா சொன்னதும் வீடே கொல்லென்று சிரித்தது.

வெட்டச் சொன்னது பாட்டிலிருந்துதான். நாளைக்கு வாலுவின் அண்ணனுக்குக் கல்யாண ரிசப்ஷன். கூடத்தில் எல்லாருமாக வாசிக்க, சித்தி பாடிப் பதிவு செய்த பாட்டை ரீமிக்ஸ் பண்ணி மொத்தக் குடும்பத்தையும் ஆட வைப்பதாக வாலு சவால் விட்டிருந்தாள். வெளியில் அவள் பெரிய டிஜே. வீட்டில் இன்னமும் வாலுதான்.

சித்தி பாடினால் சித்தப்பாவும் அதே மைக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பார். பாட்டு உச்சிக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். பார்க்கச் சகிக்காது.

"கட்டின பாவத்துக்குப் பொறுத்துக்கறேன்" என்றாள் சித்தி.

தொண்டையில் ஆபரேஷன் நடந்தும் சித்தியின் குரல் அந்த உச்சியை எட்டிப் பிடிப்பதில் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பெருமை. அதில் போய் இவர் குறுக்கே நிற்கலாமா?

வாலு அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். பாட்டைக் கொடுத்தால் டிரம்ஸ் தனி, கீபோர்டு தனி, குரல்கள் ஆளுக்கொன்றாய்த் தனி என்று பிரித்துக் கையில் கொடுக்கிற சாஃப்ட்வேர். சித்தப்பாவை அணைத்தாள். டிரம்ஸை ஏற்றினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்தாள்.

உச்சி வந்தது. சித்தியின் குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

ஆட்டம் நின்றது. சித்தப்பாவின் குரலை மட்டும் தனியாகப் போட்டாள். முதலில் ஒன்றுமே இல்லை. உச்சியில் மட்டும், பெண் குரலில், சித்தியின் அதே குழைவோடு சித்தப்பா பாடிக்கொண்டிருந்தார்.

அந்த மீசையை நினைத்ததும் வாலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"கேட்டுட்டியாம்மா?" கதவோரம் சித்தப்பா நின்றிருந்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த இடத்துல அவளுக்குக் குரல் எழும்பல. பாட்டையே விட்டுடுவாளோன்னு பயந்து, கூட நின்னு எடுத்துக் கொடுத்தேன். தன் குரல்னே நம்பிக்கிட்டிருக்கா. பிரிச்சதை அழிச்சிடு, என் கண்ணுல்ல."

"மாமா உங்களைக் கேலி பண்றாரே, சித்தப்பா."

"பண்ணட்டுமே. நான் என்ன தேய்ஞ்சா போயிடுவேன்?"

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். அவர் தலை மறைந்ததும் சித்தி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"பிரிச்சாச்சா?"

வாலு லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். "இல்ல சித்தி, சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது."

"நடிக்காதே. அந்த உச்சியில அவர் குரலை இன்னும் கொஞ்சம் தூக்கி வை. நீங்க ஆடற சத்தத்துல அமுங்கிடப் போகுது."

"சித்தி, உங்களுக்குத் தெரியுமா?"

"என் தொண்டை எனக்குத் தெரியாதா? அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, வெட்கப்பட்டு மனுஷன் பாடறதையே விட்டுடுவார்."