நான்கு மணிக்குள் ஒரு பிஸ்கட்

மூன்றாவது தட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஓட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு கால்நடை டாக்டர் பெல்கோனன் கருணைக்கொலை ஊசியோடு வருவார்.

“அதுக்குள்ள ஒரே ஒரு பிஸ்கட் தின்னுட்டான்னா எனக்கு போன் பண்ணுங்க. நான் வரல” என்று காலையில் சொல்லியிருந்தார். பதினான்கு வயது நாய். நாலு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

ஆகவே மார்லிஸ் காலையிலிருந்து அடுப்பை அணைக்கவில்லை.

முதலில் பூசணியும் ஓட்ஸும். அப்புறம் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஆளிவிதையும். அதுவும் ஆகாமல் கோழி ஈரல், மேலே இரண்டு சொட்டு மீன் எண்ணெய். எல்லாம் எலும்பு வடிவ அச்சில் வெட்டி, மொறுமொறுவென்று சுட்டவை. உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, கோதுமை கிடையாது. டுலூத் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் அவளுக்கு இருந்த பேரெல்லாம் இப்படிப் போடாமல் விட்டவற்றால் வந்த பேர்தான்.

அவள் பேசுவதைக் கேட்டால் நாயே இல்லாதவர்கள்கூட இரண்டு பொட்டலம் வாங்கிப் போவார்கள். யாராவது புருவத்தைத் தூக்கினால் ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே கடிப்பாள்.

“நான் திங்காததை என் புள்ளைக்குக் குடுப்பேனா?”

இந்த ஆறு மாதத்தில் உடம்பு இளைத்திருப்பதும் அந்த பிஸ்கட்டின் மகிமை என்றுதான் சொல்லி வந்தாள். ஏப்ரன் நாடா இப்போது இடுப்பை இரண்டு சுற்று சுற்றியது. சந்தைப் பெண்கள் ரகசியம் கேட்டார்கள். உணவே மருந்து என்று சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு நாய் அவள் சுட்டதைத் தின்ன மாட்டேன் என்று செத்தால், சந்தை என்ன சொல்லும்?

இந்த நேரத்தில் இப்படி ஒரு நினைப்பா என்று வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே நாலாவது மாவைப் பிசைந்தாள்.

அவள் கணவன் வெர்ன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“விட்டுடும்மா. நாப்பது வருஷத்துல எனக்கு நீ இத்தனை விதமா சமைச்சதில்ல.”

“கராஜ்ல ஒளிச்சு வச்சு டோனட் திங்கிறவனுக்கு எதுக்குச் சமைக்கணும்?”

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

நாலாவது தட்டு, ஆப்பிளும் அவளே அரைத்த வேர்க்கடலை வெண்ணெயும். ஓட்டோ அதை முகரக்கூட இல்லை. அவளையே பார்த்தது.

நாலு நாளாக இதே பார்வைதான். அவள் நகர்ந்தால் கண்ணும் கூடவே நகரும். எழுந்து நிற்கத் தெம்பில்லாத நாய், அவள் குளியலறைக்குப் போனால் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே கிடக்கும்.

நன்றி சொல்கிறது என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

நாலு அடிக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. டாக்டர் பெல்கோனன் பனி படிந்த பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு வந்து விரிப்பில் மண்டியிட்டார். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு சாக்லேட்டை எடுத்துப் பிரித்தார்.

அது அவர் வழக்கம். நாய்க்குச் சாக்லேட் விஷம், ஆயுசு முழுக்க யாரும் தர மாட்டார்கள். கடைசி நாளில் அதற்குமேல் பயப்பட என்ன இருக்கிறது? இதே விரிப்பில் இந்த வீட்டின் பழைய நாய் பஸ்டருக்கும் கொடுத்தார், இரண்டு வருடம் முன்னால் இன்னொரு நாய் கிரேட்டாவுக்கும் கொடுத்தார். முதலில் சாக்லேட், அடுத்து ஊசி, அதற்கப்புறம் போர்வை. இரண்டு முறையும் ஓட்டோ பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்லிஸுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை.

“டாக்டர், அதுல எவ்ளோ சர்க்கரைன்னு தெரியுமா?”

“தெரியும். இன்னைக்கு ஒரு நாள் விடுங்க.”

ஓட்டோ எழுந்தது. நாலு காலும் நடுங்க எழுந்து, முட்டையைக் கவ்வுவதுபோல உதட்டால் அந்தச் சாக்லேட்டை வாங்கிக்கொண்டது. மெல்லவில்லை.

வாயில் வைத்தபடியே விரிப்பைக் கடந்து வந்து, மார்லிஸின் உள்ளங்கையில் வைத்தது.

“எனக்கா ராஜா? எனக்கு வேணாம். நீ தின்னு.”

அவள் நீட்டினாள். அது மூக்கால் அவள் கையை அவள் பக்கமே தள்ளியது. மறுபடி நீட்டினாள். மறுபடி தள்ளியது.

பிறகு அடுப்பருகே போனது. தரையில் இருந்த நாலு தட்டில் பூசணியிலிருந்து ஆரம்பித்தது. மொறுக், மொறுக். சர்க்கரைவள்ளி. ஈரல். ஆப்பிள். ஒரு துணுக்கு மிச்சமில்லை.

“தின்னுட்டான்! மார்லிஸ், தின்னுட்டான் பாரு!” வெர்னுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “ஊசி வேணாம் டாக்டர்! என் பொண்டாட்டி பிஸ்கட் ஜெயிச்சிருச்சு!”

மார்லிஸுக்கு நெஞ்சு விம்மியது. சந்தை முழுவதும் இதைப் பார்க்கவில்லையே என்றிருந்தது. கையில் சாக்லேட் உருகத் தொடங்கியிருந்தது. பிள்ளை ஆசையாகக் கொடுத்தது, இன்று ஒரு நாள்தானே என்று வாயில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் இனிப்பு.

ஓட்டோ திரும்பி வந்து அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. மெல்லிய குரலில் ஊளையிட ஆரம்பித்தது.

டாக்டர் பெல்கோனன் பெட்டியைத் திறக்காமலேயே ஓரமாகத் தள்ளி வைத்தார். ஆனால் எழவில்லை. அவர் கண் நாயின் மேல் இல்லை, அவள் இடுப்பை இரண்டு சுற்று சுற்றியிருந்த ஏப்ரன் நாடாவின் மேல் இருந்தது.

“மார்லிஸ், இப்படி வந்து கொஞ்சம் உக்காருங்க” என்றார், நாய்களிடம் மட்டுமே அவர் பேசுகிற குரலில்.