பேபி ஆஃப் சுகந்தி

பழைய படிவத்தை அலுவலகப் பெண் அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தான்.

பேபி ஆஃப் சுகந்தி.

பெயர் வைக்காத குழந்தைக்கு அப்படித்தான் எழுதுவார்கள். பிற்பகல் இரண்டு நாற்பது. விழுப்புரம். கீழே தாயின் கையெழுத்து, தகப்பனின் கையெழுத்து. அவனுடையதில் கடைசி எழுத்து கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருந்தது.

சுகந்தி மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் மகள் இலக்கியா. பதினெட்டு முடிந்து ஒன்பது நாள் ஆகிறது.

"பாப்பா மேஜராயிட்டதால, பிறந்தப்போ நம்ம பேங்க்ல சேமிச்சு வெச்ச தொப்புள்கொடி ரத்தம் இனிமே அவங்க பேருக்கு மாறிடும் சார். அதுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும்."

இரண்டு பேரும்.

விவாகரத்தாகிப் பதினோரு வருடம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகள் அவனிடம் வருவாள். கொண்டுவந்து விடும்போது கேட்டுக்கு வெளியே சுகந்தியின் ஸ்கூட்டர் நிற்கும், போய்விடும். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்பினார்கள். இன்றுதான் ஒரே மேசையில்.

சுகந்திக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அந்தப் பெட்டியை வாங்கி வந்தவன் அவன்தான். வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு பை, ஊசி, குழாய். பிள்ளைக்கு நாளைக்கு ஏதாவது நோய் வந்தால் அதன் ரத்தமே அதைக் காப்பாற்றலாம் என்று எங்கோ படித்திருந்தான்.

வந்ததும் பெட்டியைப் பிரிட்ஜில் வைத்தான், தயிருக்குப் பக்கத்தில்.

சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரத்தம் எடுத்தப்புறம் குளிர வைக்கணுமாம். காலிப் பையை எதுக்குக் குளிர வைக்கறீங்க?"

வலி வந்த அன்று, இரண்டு வாரமாகக் கட்டி வைத்திருந்த துணிப் பையை விட்டுவிட்டான். பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணி கேட்டபோது பெட்டியை நீட்டினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார்கள். இலக்கியா பூமியில் முதலில் உடுத்தியது யாருடைய வேட்டி என்று இன்றுவரை தெரியாது.

பிறந்த கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அந்தப் பையைக் கொண்டுவந்தாள். கருஞ்சிவப்பு. "லேபிள் ஒட்டணும், ஒரு நிமிஷம் பிடிங்க சார்."

பிடித்தான்.

சூடாக இருந்தது.

பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் அதைத்தான் தூக்கினான்.

சாயங்காலம் சென்னையிலிருந்து வந்த ஆள் பெட்டியை வாங்கி வேனில் வைத்தான். "பத்திரமாப் போயிடுமில்ல?" என்று மூன்று முறை கேட்டான் இவன். மாடி ஜன்னலில் சுகந்தி பிள்ளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் திரும்பியதும் இவன் கை தூக்கி அசைத்தான். வேனுக்கா, அவளுக்கா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

"அப்பா, இங்க கையெழுத்து."

சுகந்தி போட்டு முடித்திருந்தாள். பேனா அவன் முன்னால் கிடந்தது.

விழுப்புரத்து வீடு கைமாறிவிட்டது. குடும்ப அட்டை இரண்டானது. கேஸ் இணைப்பு அவள் பெயருக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. இது மட்டும் எங்கோ உறைபனியில் இருவர் பெயரிலும் கிடந்தது, யாரும் பிரிக்க நினைக்காமல்.

"இது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவாப்பா?" மகள் பழைய படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அவன் சுகந்தியைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"ஆமா," என்றான்.

கையெழுத்துப் போட்டான். கட்டத்துக்குள் அடங்கியது.

அலுவலகப் பெண் முத்திரை குத்தி இலக்கியாவிடம் நீட்டினாள். இனி அது அவளுடையது. இருவர் பெயரில் இனி எதுவும் இல்லை. அவன் எழுந்திருக்கலாம். எழவில்லை.

"கடைசியா ஒண்ணும்மா. உங்கள பிடிக்க முடியலன்னா கூப்பிடறதுக்கு ஒரு நம்பர். ஒண்ணுதான் எழுத முடியும்."

இலக்கியாவின் பேனா நின்றது. அம்மா பக்கம் தலை பாதி திரும்பியது.

எழுதட்டும், அதுதான் முறை என்று அவன் நினைத்துக்கொண்டான். சட்டைப் பையைத் தடவிப் பைக் சாவியை எடுத்தான்.

"அப்பா பேரை எழுது," என்றாள் சுகந்தி. "நான் கிளாஸ்ல இருந்தா போன் எடுக்க முடியாது."

பள்ளிக்கூடத்தில் நாளுக்கு நாலு வகுப்புதான் அவளுக்கு. இலக்கியா சொல்லியிருக்கிறாள்.

மகள் எழுதினாள். பிறகு தன் போனை எடுத்து அவன் எண்ணைத் தேடத் தொடங்கினாள். "நீங்களே சொல்லுங்கப்பா."

அவன் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

தொண்ணூற்று நாலில் தொடங்கி, பத்து எண்ணையும், இடையில் எங்கும் நிற்காமல்.

சொல்லி முடித்துவிட்டுக் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள். வெகுநேரம் தேடினாள்.