மறுமுனை

லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் டெல்பினின் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. தூத்துக்குடித் தோணிகளில் பாய் ஏற்றி இறக்கியே காலம் கழித்த அவளுடைய அப்பா இன்னாசி, மொழி புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் ஆய்வு ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. லத்தீனில் ‘துணியை மடி’ என்ற பொருளில் இருந்த அது, ருமேனிய மொழியில் ‘புறப்படு’ என்றும் போர்ச்சுக்கீசிய மொழியில் ‘வந்துசேர்’ என்றும் ஆகிவிட்டது. கூடாரத்தை மடித்தால் புறப்பாடு என்பதைத் தேர்வாளர் ஒப்புக்கொண்டார். “மடிப்பதில் வந்துசேர்வது எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அவளுடைய பட்டம் நின்றது. டெல்பின் புத்தகம் எதையும் புரட்டவில்லை. தோளிலிருந்த துப்பட்டாவை உருவி, இரண்டு கைகளாலும் வாரி மடிக்கத் தொடங்கினாள். இன்னாசி எழுந்து நேராக மேடைக்குப் போனார். “ஏளா, பாய ஒத்தையிலயா மடிப்ப? அந்த முனைய இங்க தா.” இருவரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். கடைசி மடிப்பை அவர் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, தோணி துறைமுகத்துக்கு வந்து பாயை மடித்ததும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். “சேந்தாச்சு.” தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்கள் அப்பா என்ன சொன்னார்?” என்றார். டெல்பின் தலைநிமிர்ந்து, அந்தப் போர்ச்சுக்கீசிய வினைச்சொல்லை மட்டும் சொன்னாள்.