பத்தாவது பேர்

"இன்ஸாப்ட பேர வெட்டுங்க. அவர் மௌத்தாகல்ல."

வாசல்ல நிண்டு ஸுஹைறா இப்படிச் சொன்னதும் அப்துல் ஸமட் மரைக்காருக்கு முகம் கறுத்துப் போச்சு. பக்கத்தில நிண்ட எனக்கும் கோபம் வந்திச்சு.

சண்டைக் காலத்தில ஆமியில, பொலிஸில, ஊர்காவல்ல நிண்டு மௌத்தான நம்மட ஊர்ப் பொடியன்மார் பத்துப் பேர். வெள்ளிக்கிழமை பள்ளியில அவங்கட பேரெல்லாம் வாசிச்சு துஆ ஓதப் போறாங்க. அதுக்குத்தான் பள்ளி மரைக்கார் வீடு வீடாப் போய்ச் சொல்றார். ஒம்பது வீட்டிலயும் அழுதழுது ஓம் எண்டாங்க. பத்தாவது வீடு இது, என்ட பக்கத்து வளவு.

"மகள், வன்னிச் சண்டையில காணாமப் போய்ப் பதினேழு வருஷமாச்சு" எண்டார் மரைக்கார் மெதுவா.

"காணாமப் போனவர் வருவார்."

உள்ளுக்குக் கதிரையில அவள்ர மாமா ஸைனுலாப்தீன் காக்கா இருந்தார். அவள்ர புருஷன் இன்ஸாப்ட வாப்பா. எண்பது வயசு.

"ஓம் மரைக்கார், என்ட மகன் வருவான்" எண்டார் அவரும்.

மரைக்கார் பேனைய எடுத்துப் பேர வெட்டிட்டுப் போனார். பெத்த மனிசன் ஆசையில சொல்றார், சரி. இவளுக்கு என்ன வந்தது?

எனக்கு இவளோட பழைய கோபமும் ஒண்டு இருக்கு. என்ட தம்பிட பெண்சாதி மௌத்தாகி, அவன் தனிச்சுப் போய் நிண்ட நேரம் நான்தான் அவனுக்கு ஸுஹைறாவக் கேட்டுப் போனன். "எனக்குப் புருஷன் இருக்கார் ராத்தா" எண்டு முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லி அனுப்பினவள். புருஷன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டாம இருக்கிற இத்தாவும் இருக்கல்ல. பெருநாளைக்குப் பெருநாள் கலர்ச் சாரி, கை நிறைய வளையல். புருஷனுக்கெண்டு ஒரு யாசீன் ஓதினாளா? கல்லு மனசுக்காரி எண்டு நான் ஊரெல்லாம் கதைச்சன். இல்லையெண்டு சொல்லல்ல, கதைச்சதுதான்.

போன மாசம் ஸைனுலாப்தீன் காக்கா மௌத்தானார். நித்திரையிலயே போயிட்டார், நல்ல மனிசன்.

அவருக்கு ஓதுற மூணாம் நாள் கத்தம். நான் அடுப்படியில வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்தன். ஸுஹைறா பக்கத்தில வந்து குந்தினாள்.

"ராத்தா, இண்டைக்குக் கத்தத்தில இன்ஸாப்ட பேரையும் சேர்த்து ஓதச் சொல்றீங்களா?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு.

"என்னகா இது? மாமன் போனதோட புருஷனும் மௌத்தாகிட்டானோ?"

அவள் கோபப்படல்ல. நிலத்தப் பார்த்துக்கிட்டே சொன்னாள்.

"அவர் மௌத்தானது எனக்கு அப்பவே தெரியும் ராத்தா. கூட நிண்ட பொடியன் ஒருத்தன் பத்து நாளைக்குள்ள வந்தவன், முதல்ல வாய் திறக்கல்ல, நான் விடாமக் கேட்டபிறகுதான் சொன்னவன். அவன்ட கையாலதான் அடக்கினானாம். மாமாக்குச் சொல்லிராதீங்க எண்டு சத்தியம் வாங்கித்தான் அவன அனுப்பினன். மாமி மௌத்தாகி ரெண்டு மாசம்கூட ஆகல்ல அப்ப. இதையும் கேட்டா அந்த மனிசன் தாங்குவாரா?"

"அப்ப இத்தா?"

"முதுகு நோவு எண்டு நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டாமக் கிடந்தனே, அதுதான்."

யா அல்லாஹ்! அந்த முதுகுக்கு எண்ணெய் காய்ச்சிக் குடுத்ததே நான்தான்.

"வெள்ளை உடுத்தா அவருக்கு விளங்கிடும். உங்கட தம்பியக் கலியாணம் முடிச்சா விளங்கிடும். பள்ளியில பேர் வாசிச்சா விளங்கிடும். பதினேழு வருஷமா என்ட புருஷனுக்குச் சத்தம் போட்டு அழக் கிடைக்கல்ல ராத்தா. தலகாணியக் கடிச்சுக்கிட்டுத்தான் அழுத." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப அழலாந்தானே?"

கத்தியப் போட்டுட்டு அவளக் கட்டிப் பிடிச்சன். அவள் அழுதாள் பாருங்க, அப்படி ஒரு அழுகைய நான் கேட்டதே இல்ல. இவளையா இவ்வளவு காலம் நாக்கில போட்டு மெண்டன் எண்டு எனக்கு வெக்கமாப் போச்சு.

அந்த நேரம் கேற்றடியில யாரோ ஸலாம் சொன்னாங்க. கண்ணத் துடைச்சுக்கிட்டு நான்தான் போனன்.

வயசான லெவ்வை ஒருத்தர். வரிப்பத்தான்சேனையில காக்காக்கு வயல் இருக்கு. அந்த வயலுக்குப் பக்கத்துப் பள்ளியில ஓதுறவராம். ஆக்கள் சேர முந்தியே வந்துட்டார்.

உள்ளுக்கு ஸுஹைறாட அழுகை நிக்கல்ல. மாமனுக்குத்தான் அழுறாள் எண்டு நினைச்சார் போல, தலைய ஆட்டினார்.

"தங்கச்சி, நீங்க பக்கத்து வீடா?"

"ஓம் லெவ்வை. உள்ளுக்கு வாங்க."

"வாறன். அதுக்கு முதல் உங்களுக்கு ஒண்டு சொல்லணும். காக்கா வருஷா வருஷம் எங்கட பள்ளியிலதான் மகனுக்குக் கத்தம் குடுக்கிறவர். இனி அத நான் பார்த்துக்கிறன்."

"எந்த மகனுக்கு லெவ்வை?"

"அவருக்கு ஒரு மகன்தானே. ஆமியில இருந்த இன்ஸாப் தம்பிக்குத்தான். கூட நிண்ட பொடியன் முதல்ல வயலுக்கு வந்து இவருக்குச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கே போனவன். வரம்பில விழுந்து கிடந்தவர நான்தான் தூக்கின."

நான் அவருக்குக் கிட்டப் போய்க் கேட்டன்.

"அப்ப ஏன் லெவ்வை காக்கா அவ்வளவு தூரம் போய் ஓதணும்? இஞ்ச வீட்டிலயே ஓதியிருக்கலாமே?"

லெவ்வை உள்ளுக்கு எட்டிப் பார்த்தார். குரலக் குறைச்சுக்கிட்டுச் சொன்னார்.

"ஊருல ஓதினா மருமகளுக்குத் தெரிஞ்சிடும் எண்டுதான். அந்தப் பொடியனையும் அவளுக்குச் சொல்லிராத எண்டு சத்தியம் வாங்கித்தான் வீட்டுக்கு அனுப்பினவர். 'அவன் வருவான் எண்டு நான் சொல்றதுலதான் அந்தப் புள்ளட உயிர் நிக்குது' எண்டு சொல்லிச் சொல்லி அழுவார். நீங்களும் வாய் தவறிச் சொல்லிராதீங்க தங்கச்சி. பாவம், அவள் இன்னும் ஒண்டும் தெரியாமத்தானே இருக்காள்."