பிழைத்த வாலு

மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் கணவன் கேட்டுவிட்டான்.

"வாலு எப்படி இருக்கா?"

"கட்டி கரைஞ்சிருச்சுங்க. கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சு ஊசியில ஏத்தின பாஷாணம், வழியில எங்கேயும் சிந்தாம நேரா கட்டிக்குள்ள போயிருக்கு. நல்லா சாப்பிடுறா. பழைய சேட்டையெல்லாம் திரும்பிருச்சு."

"அப்புறம் ஏன் உன் முகத்துல ஈயாடலை?"

"நாளைக்கு அவளை அறுக்கணும். ஈரல்லயும் கிட்னியிலயும் விஷம் தங்கலைன்னு காட்டினாத்தான் இந்த மருந்தை மனுஷங்களுக்குக் குடுக்க விடுவாங்க."

"ஆய்வுக்கூடத்து எலிக்கு நம்பர் போதும், பேர் வைக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அதுவும் இந்தப் பேரையா வைப்பே?"

மகளின் சேட்டை தாங்காமல் அவன் வைத்த செல்லப்பெயர் அது. அவள் போன பிறகு, இந்த எலி வரும்வரை, வீட்டில் அந்தப் பெயரை இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நம்ம வாலுவுக்குக் கடைசிவரைக்கும் கட்டி கரையவே இல்லை," என்றாள் மனைவி. "இவளுக்குக் கரைஞ்சிருச்சு. பிழைச்ச வாலுவை நான் எப்படிங்க…"

கணவன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான்.