அப்பாவின் கை

ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த கணவனின் கையையே மதிவதனி பார்த்தாள். விடுப்பில் வீட்டிலிருந்த கிரிதரனின் வலது கை தட்டில் இருந்தது, இடது கையில் அப்பளம். அவனுடைய செல்போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. ஆனாலும் அவளுடைய ஏழு மாத வயிற்றை, கட்டியிருந்த பட்டைக்குள் ஒரு கை தடவிக்கொண்டிருந்தது.

ஆபீசில் இருந்தபடியே அவன் செல்போனைத் தடவினால் இங்கே வயிற்றில் கை படும், அப்பாவின் தொடுகை பிள்ளைக்குப் பழகும் என்றுதான் அந்தப் பட்டையை வாங்கினார்கள்.

"ஏங்க, இப்ப தடவறது யாரு?"

"நம்ம டீம்ல யாராவது இருக்கும். பாப்பாவக் கொஞ்சணும்னு கேட்டாங்க, பாஸ்வேர்டக் குடுத்தேன்."

"எத்தனை பேருக்கு?"

"பதினாலு பேரு. பிள்ளையத்தானே கொஞ்சறாங்க, உனக்கென்ன?"

இரண்டு வாரமாகத் தொப்புளைச் சுற்றி வட்டம் போடும் அந்தத் தடித்த கட்டைவிரலைக் காட்டித்தான், "அப்பா வந்துட்டாரு பாரு" என்று பிள்ளையிடம் சொல்லிவந்திருக்கிறாள்.

எழுந்து பட்டையை அவிழ்த்தாள். எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தவனின் தொப்பையைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். கிரிதரன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. வாய்க்குக் கொண்டுபோன சோறு தட்டிலேயே விழுந்தது.

"ச்சீ, யாருடி இது?"

"பேரு தெரியாதுங்க," என்றாள் மதிவதனி. "தினம் சாப்பாட்டு நேரத்துக்கு வர்றவர்தான்."